கணினிக்கு ஜாகாவா? தகவல் பாதுகாப்புப் பொறியியலாளர் உண்மையில் என்ன செய்கிறார்

“தம்பிக்கு கே.எல்.லில் என்ன வேலை?”

கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஆசிரியர், தாதி, பேங்க், லாரி கம்பெனி என்று பதில் வந்தால் எல்லாருக்கும் புரியும். ‘இன்ஃபர்மேஷன் செக்யூரிட்டி இன்ஜினியர்’ என்றால் மட்டும் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுவிடும். கணினி பழுதுபார்ப்பவர் போலிருக்கிறது என்று எண்ணி, வீட்டில் மெதுவாக ஓடும் லேப்டாப்பைப் பற்றிச் சிலர் விசாரிப்பார்கள். தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தால், “அப்படின்னா கம்ப்யூட்டருக்கு ஜாகா வேலையா?” என்று கேட்பார்.

அந்தப் பெரியவர் கேட்டதில் தவறில்லை. ரப்பர் ஸ்டோரையும் உர ஸ்டோரையும் இரவில் காத்த ஜாகாவுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, டார்ச் லைட்டோடு சுற்றி வந்து பூட்டுகளைப் பார்ப்பது. இன்னொன்று, இரவு இரண்டு மணிக்கு ஸ்டோர் பக்கம் ஏதோ வெளிச்சம் தெரிந்தால், அது திருடனா, யாரோ அணைக்க மறந்த விளக்கா என்று சரியாகத் தெரியாத நிலையிலும் பங்களாவுக்குப் போய் மானேஜரை எழுப்புவது. எழுப்பிய பிறகு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் ஏச்சு விழும். விடியட்டும் என்று இருந்துவிட்டு, காலையில் ஸ்டோர் காலியாகக் கிடந்தால் வேலையே போகும்.

இன்று நிறுவனங்களுக்குள் இருக்கும் தகவல் பாதுகாப்புப் பொறியியலாளர்களின் வேலையும் ஏறக்குறைய இந்த இரண்டும்தான். பல்கலைக்கழகப் பாடமும் சான்றிதழ்களும் பெரும்பாலும் முதல் வேலையைப் பற்றிப் பேசுகின்றன. இரண்டாவது வேலை எவ்வளவு கனமானது என்பதை 2018-இல் சிங்கப்பூர் கண்டது. அந்தக் கதைக்குப் போகுமுன், பூட்டுப் பார்க்கும் வேலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

எச்சரிக்கைகளோடு தொடங்கும் காலை

சினிமாவில் வரும் ஹேக்கர் இருட்டறையில் உட்கார்ந்து, பச்சை எழுத்துகள் ஓடும் திரையைப் பார்த்து, இருபது விநாடிகளில் எல்லாவற்றையும் உடைத்துவிடுவார். நிறுவனத்தில் வேலை செய்யும் பாதுகாப்புப் பொறியியலாளரின் நாள் அப்படிப் போவதில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் 800 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அந்த 800 பேரும் கணினியைத் திறப்பது, மின்னஞ்சல் பார்ப்பது, வீட்டிலிருந்தபடி அலுவலகக் கட்டமைப்புக்குள் நுழைவது என்று ஒவ்வொன்றும் எங்கோ ஒரு வரியாகப் பதிவாகிறது. யார், எந்தக் கணினியிலிருந்து, எத்தனை மணிக்கு, எதைத் திறந்தார் என்ற பதிவு அது. ஒரே நாளில் அந்த வரிகள் லட்சக்கணக்கில் சேர்ந்துவிடும். மனிதர் உட்கார்ந்து படிக்க முடியாது. ஆகவே ஒரு மென்பொருள் அவற்றைச் சலித்து, வழக்கத்துக்கு மாறானவற்றை மட்டும் எச்சரிக்கைகளாக எடுத்து வைக்கும். பொறியியலாளரின் காலை அந்த எச்சரிக்கைகளோடு தொடங்குகிறது.

கணக்குப் பிரிவைச் சேர்ந்த ஒருவரின் பெயரில், அதிகாலை 3 மணிக்கு, வேறொரு நாட்டிலிருந்து யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விடுமுறைக்குச் சென்னை போயிருக்கிறாரா? இல்லை, அவருடைய கடவுச்சொல் யார் கையிலாவது சிக்கிவிட்டதா? கணினிக்கு இது தெரியாது. தொலைபேசியை எடுத்து அவரிடமே கேட்க வேண்டும். பெரும்பாலான எச்சரிக்கைகள் ஒன்றுமில்லாமல் முடியும். கடவுச்சொல்லை மறந்து ஐந்து முறை தவறாகத் தட்டியவர், புதுக் கைப்பேசி வாங்கியவர், தங்கும் விடுதியின் இணையத்தைப் பயன்படுத்தியவர் என்று காரணம் தெரிந்துவிடும். நாற்பது எச்சரிக்கைகள் வெறுமனே போன பிறகு, நாற்பத்தொன்றாவதையும் அதே கவனத்தோடு பார்ப்பது பழகிக்கொள்ளக் கடினமான காரியம். வங்கி, தொலைத்தொடர்பு போன்ற பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே கண்காணிப்பு மையம் இருக்கும். அங்கே இரவு ஷிப்ட்டும் உண்டு, தீபாவளி அன்றும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

செக்ரோலில் நிற்கும் பழைய பெயர்

தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தவர்களைச் செக்ரோலில் பதிவார்கள். வேலையை விட்டுப் போனவரின் பெயர் நீக்கப்படாமல் செக்ரோலில் நின்றால் என்ன ஆகும் என்பதைப் பழைய தோட்டத்து மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெயருக்கு விழும் சம்பளம் வேறு யாருடைய பைக்கோ போகும்.

நிறுவனத்தின் கணினிகளிலும் அப்படி ஒரு செக்ரோல் இருக்கிறது. யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்ற பட்டியல் அது. ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்பது மனிதவளப் பிரிவுக்குத் தெரியும், கணினிப் பிரிவுக்குத் தகவல் போயிருக்காது. கொள்முதல் பிரிவிலிருந்து விற்பனைப் பிரிவுக்கு மாறியவரிடம் பழைய பிரிவின் சாவியும் இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்த குத்தகையாளரின் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கும். இந்தப் பட்டியலைத் துப்புரவு செய்வதிலேயே பாதுகாப்புப் பொறியியலாளரின் நேரத்தில் ஒரு நல்ல பகுதி போய்விடுகிறது. யாரும் பாராட்டாத வேலை இது. சில சமயம், “என் அனுமதியை ஏன் எடுத்தாய்?” என்று சண்டைக்கும் வருவார்கள்.

ஒரு பழைய பெயரால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு 2021 மே மாதம் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லலாம். கொலோனியல் பைப்லைன் என்ற நிறுவனம் அந்நாட்டின் கிழக்குக் கரைப் பகுதிக்குக் குழாய் வழியாக எரிபொருள் கொண்டுசெல்கிறது. வெளியிலிருந்து அலுவலகக் கட்டமைப்புக்குள் நுழைவதற்கான ஒரு பழைய கணக்கு அங்கே மூடப்படாமல் கிடந்தது. யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. நம் வங்கிகள் அனுப்பும் டேக் எண் போன்ற இரண்டாவது உறுதிப்படுத்தலும் அதற்கு இல்லை. கடவுச்சொல் மட்டும் இருந்தால் போதும். அந்த ஒரு கதவு வழியாக நுழைந்தவர்கள் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டார்கள். குழாய் சில நாள் நிறுத்தப்பட்டது. பெட்ரோல் நிலையங்களில் கார்கள் வரிசை பிடித்தன. நிறுவனம் ஏறக்குறைய 44 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்தது.

ஓட்டையை அடைக்கும் வேலையும் இதே மாதிரிதான். மென்பொருளில் ஒரு பலவீனம் கண்டுபிடிக்கப்பட்டால், அதைச் செய்த நிறுவனம் திருத்தத்தை வெளியிடும். கைப்பேசியில் ‘அப்டேட்’ என்று வருமே, அதுதான். 2017 மார்ச் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அப்படி ஒரு திருத்தத்தை வெளியிட்டது. மே 12-ஆம் தேதி வான்னகிரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுதும் பரவியது. ஏறக்குறைய 150 நாடுகளில் கணினிகள் முடங்கின. பிரிட்டனின் அரசாங்க மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கானோரின் சந்திப்புகளும் அறுவை சிகிச்சைகளும் ரத்தாயின. மருந்து கைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியும் பலர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

ஏன் போடவில்லை என்று வெளியிலிருந்து கேட்பது சுலபம். திருத்தம் போட வேண்டுமானால் கணினியைச் சற்று நேரம் நிறுத்த வேண்டும். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். “இப்போது நிறுத்தாதே” என்பார் கணக்காளர். மருத்துவமனையில் ஸ்கேன் இயந்திரத்தோடு இணைந்த கணினியைத் தொட்டால் இயந்திரம் வேலை செய்யுமா என்ற பயம். தொழிற்சாலையில் பத்தாண்டுக்கு முன் வாங்கிய மென்பொருள் புதிய திருத்தத்தோடு ஓடாது. இவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், “ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணிக்கு இரண்டு மணி நேரம் மட்டும் கொடுங்கள்” என்று பேரம் பேசுகிறவர்தான் பாதுகாப்புப் பொறியியலாளர். கணினி அறிவு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பேச்சுத் திறனும் வேண்டும். ஈப்போ கிளையில் இருக்கும் கிராணியிடம் மலாயில் விளக்கத் தெரிய வேண்டும். தலைமையகத்தில் இயக்குநரிடம் ஆங்கிலத்தில், அதுவும் மூன்றே நிமிடத்தில், ஆபத்தைப் பணக் கணக்காகச் சொல்லத் தெரிய வேண்டும்.

ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் இவர்கள் வேலையில் சேரும். சில நிறுவனங்களில் பாதுகாப்புப் பிரிவே போலி மின்னஞ்சல் அனுப்பி, யார் இணைப்பைத் தட்டுகிறார்கள் என்று சோதிக்கிறது. போனஸ் விவரம் என்று தலைப்பிட்டால் தட்டாதவர்கள் குறைவு. தட்டியவரை எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்தும் நிறுவனமும் இருக்கிறது. அதைவிடக் கெட்ட பழக்கம் வேறில்லை. அடுத்த முறை உண்மையான போலி மின்னஞ்சலைத் தட்டிவிட்டால் அந்த ஊழியர் வாயே திறக்கமாட்டார்.

சிங்கப்பூரில் நடந்தது

2018 ஜூலை 20-ஆம் தேதி சிங்கப்பூர் அரசாங்கம் வெளியிட்ட செய்தி அந்த நாட்டையே உலுக்கியது. சிங்ஹெல்த் எனும் பொது மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து ஏறக்குறைய 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பாலினம், இனம், பிறந்த தேதி ஆகியவை திருடப்பட்டிருந்தன. அவர்களில் சுமார் 160,000 பேருக்கு வெளிநோயாளிப் பிரிவில் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போயிருந்தது. அப்போதைய பிரதமர் லீ சியென் லூங்கின் விவரங்களைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தேடியிருக்கிறார்கள். அப்போது சுமார் 56 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் இது எத்தனை வீடுகளைத் தொட்டிருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற நீதிபதி ரிச்சர்ட் மெக்னஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2019 ஜனவரி 10-ஆம் தேதி பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. கணினித் துறையில் நுழைய நினைக்கும் பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்கு அடுத்துப் படிக்க வேண்டிய அறிக்கை அது.

தாக்குதல்காரர்கள் 2017 ஆகஸ்ட் வாக்கிலேயே ஒரு ஊழியரின் கணினி வழியாக உள்ளே காலூன்றிவிட்டார்கள். பல மாதம் சத்தமில்லாமல் இருந்தார்கள், மெல்ல மெல்ல ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய வழிகளில் மேலே சொன்ன சாதாரண ஓட்டைகள் இருக்கின்றன. ஒரு கணினியில் மின்னஞ்சல் மென்பொருளுக்கான திருத்தம் போடப்படவில்லை. நிர்வாகி உரிமை கொண்ட ஒரு கணக்கின் கடவுச்சொல், ‘பாஸ்வேர்ட்’ என்ற சொல்லிலேயே இரண்டு எழுத்துகளைக் குறிகளாக மாற்றி வைத்தது. பள்ளிப் பிள்ளையும் ஊகித்துவிடும்.

2018 ஜூன் மாதத்தில், சம்பந்தமில்லாத ஓர் இடத்திலிருந்து நோயாளித் தரவுத்தளத்துக்குள் நுழைய யாரோ முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஐ.எச்.ஐ.எஸ். எனப்படும், சுகாதாரத் துறையின் கணினிக் கட்டமைப்பை நடத்திவந்த நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் அதைக் கவனித்தார்கள். தங்களுக்குள் பேசினார்கள், சில நடவடிக்கைகளும் எடுத்தார்கள். ஜூன் 27-ஆம் தேதி தாக்குதல்காரர்கள் உள்ளே நுழைந்து தகவல்களை அள்ளத் தொடங்கினார்கள். ஜூலை 4-ஆம் தேதி, தரவுத்தளத்தைப் பராமரிக்கும் ஊழியர் ஒருவர் வழக்கத்துக்கு மாறான தேடல்கள் ஓடுவதைப் பார்த்து அவற்றை நிறுத்தினார். அன்றோடு திருட்டு நின்றது.

ஆனால் சுகாதார அமைச்சுக்கும் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புக்கும் விஷயம் போனது ஜூலை 10-ஆம் தேதி. நிறுத்திய பிறகும் ஆறு நாள். ஜூன் மாத அறிகுறிகளிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு மாதம்.

இடையில் என்ன நடந்தது? இத்தகைய சம்பவங்களைக் கையாளவே நியமிக்கப்பட்டிருந்த மேலாளர், சம்பவம் என்று உறுதியான பிறகுதான் மேலே தெரிவிக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தார். தெரிவித்துவிட்டால் மேலிடம் பதில் கேட்டுத் தம்மையும் தம் குழுவையும் நெருக்கும் என்ற தயக்கமும் அவருக்கு இருந்தது. குழுமத்தின் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த இன்னோர் அதிகாரி விஷயத்தின் தீவிரத்தைப் புரிந்துகொள்ளவில்லை, அந்த மேலாளர் சொல்லட்டும் என்று காத்திருந்தார். கீழே இருந்தவர்கள் பார்த்தார்கள், சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகம் மேலே ஏறவில்லை. தாக்குதல்காரர்கள் திறமைசாலிகள் என்று அறிக்கை ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் இது தடுத்திருக்கவே முடியாத தாக்குதல் அல்ல என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது.

பின்விளைவுகள் அதே மாதம் வந்தன. ஐ.எச்.ஐ.எஸ். இருவரை வேலையிலிருந்து நீக்கியது. ஒருவர் பதவி இறக்கப்பட்டார். தலைமை நிர்வாகி உள்பட மேல்மட்ட நிர்வாகிகள் ஐவருக்குப் பண அபராதம். தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும், சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதித்தது. செய்திகளில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. கடமையைத் தாண்டிக் கவனத்தோடு செயல்பட்டதற்காக மூன்று ஊழியர்களுக்கு அதே நிறுவனம் பாராட்டுக் கடிதம் கொடுத்தது.

நீக்கப்பட்டவர்களைச் சோம்பேறிகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. உண்மை அவ்வளவு வசதியானது அல்ல. ‘தவளை தன் வாயால் கெடும்’ என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். பெரியவர்களிடம் கெட்ட செய்தியோடு போகாதே, முதலில் நிச்சயப்படுத்திக்கொள் என்கிறோம். அலுவலகத்திலும் அதே பழக்கம் தொடர்கிறது. ஒரு முறை பொய் எச்சரிக்கை கொடுத்து ஏச்சு வாங்கிய இளைஞர், அடுத்த முறை முழு ஆதாரமும் கையில் வரட்டும் என்று காத்திருப்பார். தாக்குதல்காரருக்கு வேண்டியது அந்தக் காத்திருப்பு நேரம்தான்.

ஆகவே, ஒரு நிறுவனத்தில் பாதுகாப்புப் பொறியியலாளர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது சின்ன விஷயம் அல்ல. பல இடங்களில் அவர் கணினிப் பிரிவுத் தலைவருக்குக் கீழே இருக்கிறார். அந்தத் தலைவருக்கோ புதிய செயலியைக் குறித்த தேதியில் வெளியிட வேண்டிய நெருக்கடி. பாதுகாப்புச் சோதனை முடியவில்லை, ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள் என்று தன் சொந்த மேலதிகாரியிடமே சொல்ல வேண்டிய நிலை. இதனால்தான் சில நிறுவனங்கள் பாதுகாப்புப் பிரிவைத் தனியாகப் பிரித்து, நேரே தலைமை நிர்வாகியிடமோ இயக்குநர் வாரியத்தின் குழுவிடமோ பேசும் வழியை வைக்கின்றன. வேலைக்கான நேர்காணலுக்குப் போகும் இளைஞர்கள் சம்பளத்தைக் கேட்பதோடு இதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தோட்டமும் சேர்ந்த சட்டம்

மலேசியாவில் இந்தத் தயக்கத்துக்கு இப்போது சட்டமே பதில் சொல்லிவிட்டது. 2024 இணையப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. நாட்டுக்கு முக்கியமான கணினிக் கட்டமைப்புகளை 11 துறைகளாக அது பிரிக்கிறது. வங்கி, போக்குவரத்து, மருத்துவம், எரிசக்தி, தண்ணீர் என்று எதிர்பார்க்கக்கூடியவை அதில் இருக்கின்றன. விவசாயமும் தோட்டத் துறையும் இருக்கின்றன. செம்பனைத் தோட்டத்தின் கணினிக்கு யார் வருவார்கள் என்று கேட்கும் நிலை இனி இல்லை. ஆனால் எல்லாத் தோட்டமும் தானாக இதற்குள் வந்துவிடாது. முக்கியக் கட்டமைப்பு வைத்திருப்பதாக அடையாளம் காணப்பட்ட நிறுவனங்களுக்கே இந்தக் கடமை.

அப்படி அடையாளம் காணப்பட்ட நிறுவனம், இணையப் பாதுகாப்புச் சம்பவம் ‘நடந்தது’ என்று தெரிந்தால் மட்டுமல்ல, ‘நடந்திருக்கலாம்’ என்று தெரிந்தாலும் நாக்சா எனப்படும் தேசிய இணையப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் தன் துறைக்குப் பொறுப்பான அமைப்புக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். தெரிந்த நேரத்திலிருந்து 6 மணி நேரத்துக்குள் முதல் விவரங்கள் போக வேண்டும், 14 நாளுக்குள் மேல்விவரம். தவறினால் 500,000 ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆபத்து மதிப்பீடும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது தணிக்கையும் செய்ய வேண்டும். ‘நடந்திருக்கலாம்’ என்ற அந்த ஒரு சொல்லில் சிங்கப்பூர் அனுபவம் முழுதும் இருப்பது போல் தெரிகிறது.

முக்கியக் கட்டமைப்பு இல்லாத நிறுவனங்களும் முழுதாகத் தப்பிவிட முடியாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல், கடுமையான பாதிப்பை ஏற்படுத்தக்கூடிய தரவுக் கசிவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்ட மக்களுக்கும் சொல்ல வேண்டும். 2017-இல் நாட்டின் 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தி வெளியானபோது இப்படி ஒரு கட்டாயம் இல்லை. நம் எண் அதில் இருந்ததா என்பதைக்கூட அப்போது பலர் தாமாகத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

2025 மார்ச் மாதம் மலேசிய விமான நிலையங்களை நடத்தும் நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்கள் ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டதாகவும், கொடுக்க முடியாது என்று தாம் மறுத்துவிட்டதாகவும் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தெரிவித்தார். அப்படி ஒரு பதிலை ஒரு நாட்டின் பிரதமர் துணிந்து சொல்ல வேண்டுமானால், பணம் கொடுக்காமலேயே கட்டமைப்பை மீட்டெடுக்க முடியும் என்ற நம்பிக்கை வேண்டும். அதற்குக் காப்பு நகல்கள் சரியாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும், அவை திறக்கின்றனவா என்று யாராவது முன்பே சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். காப்பு நகல் எடுக்கும் நிறுவனங்கள் பல. எடுத்ததைத் திறந்து பார்க்கும் நிறுவனங்கள் குறைவு.

எங்கிருந்து தொடங்குவது

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளுக்கு வழிகள் இருக்கின்றன. மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்பும், யு.டி.எம்.மில் கணினிக் கட்டமைப்பும் பாதுகாப்பும் இளங்கலைப் படிப்பாக இருக்கின்றன. தனியார் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. ஆனால் பட்டத்தின் பெயரில் ‘பாதுகாப்பு’ என்ற சொல் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கணினி அறிவியலோ கட்டமைப்புத் துறையோ படித்து, கணினி உதவி மேசையில் இரண்டு ஆண்டு மற்றவர்களின் அச்சுப்பொறிப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர்கள் பலர். ஒரு நிறுவனம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று அந்த மேசையில் கற்பது போல் வகுப்பில் கற்க முடியாது. சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்ற சான்றிதழைப் பலர் பெரிய இலக்காக வைத்திருக்கிறார்கள். அதற்குத் துறையில் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். ஆகவே பட்டம் வாங்கியவுடன் அதற்குக் கடன் வாங்கிப் பணம் கட்ட அவசரப்பட வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு கவலை உண்டு, நியாயமான கவலை. பையன் ‘ஹேக்கிங்’ கற்கிறேன் என்கிறானே, போலீஸ் வருமா? தன் சொந்தக் கணினியிலும், பயிற்சிக்கென்றே திறந்துவிடப்பட்ட தளங்களிலும் பழகினால் வராது. பள்ளியின் இணையத்தளத்தையோ பக்கத்து வீட்டு வைஃபையையோ அனுமதி இல்லாமல் ‘சும்மா சோதித்துப் பார்த்தேன்’ என்றால் வரும். 1997 கணினிக் குற்றச் சட்டத்தின்படி, எதையும் கெடுக்காவிட்டாலும் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அத்தகைய ஒரு பதிவு இருந்தால் எந்த வங்கியும் பாதுகாப்பு வேலைக்கு எடுக்காது.

தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலம் தடையாகுமோ என்ற பயமும் கேட்கப்படுகிறது. தடைதான், ஆனால் தாண்டக்கூடிய தடை. இந்த வேலையில் வேண்டியது மேடைப் பேச்சு ஆங்கிலம் அல்ல. நள்ளிரவில் தொலைபேசி அடிக்கும்போது தூக்கக் கலக்கத்திலும் தெளிவாக எழுதக்கூடிய ஆங்கிலமும் மலாயும் வேண்டும். சம்பவ அறிக்கை என்பது பெரும்பாலும் ஒரு பக்கம்தான். எத்தனை மணிக்கு, யார், எந்தக் கணினியில், எதைப் பார்த்தார் என்று அது தொடங்கும். அடுத்த பத்தியில், இதுவரை உறுதியாகாதவை எவை என்று எழுத வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அந்த இரண்டாவது பத்தியைக் காலியாக விடப் பார்ப்பார்கள். அதை நிரப்பி, அறிக்கையை அன்று இரவே அனுப்பச் சொல்லித்தான் மூத்தவர்கள் முதலில் பழக்குகிறார்கள்.